மாவு மாத்திரை

சென்னை
10.8.2003

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். வீட்டில் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவால் சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறதா? சித்தப்பா இன்னும் வரப்பில் தடுக்கி விழுகிறாரா?

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். மளிகைக் கடையில் நின்று நீங்கள் பேசும்போது சீனி வாங்க வந்தவர்களும் சேர்ந்து கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்திருப்பது ஒரே நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. குணமாக்க இன்றைக்கு மருந்து இல்லை. ஆனால் எங்கள் அலுவலகம் ஒரு சோதனையில் பங்கெடுக்கிறது. முகப்பருவுக்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் ஒரு மாத்திரை, எலிகளில் இந்த நரம்புச் சாவைத் தள்ளிப்போட்டிருக்கிறது. மனிதர்களிலும் அப்படிச் செய்யுமா என்று பார்க்கிறார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியிலும் ஆள் சேர்க்கிறார்கள். செலவு கிடையாது.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மறு பாதிக்கு அதே அளவில், அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. நான் எண்களைக் கணினியில் ஏற்றுகிறவள். எனக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் வேலை செய்தது மருந்தா நம்பிக்கையா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். அம்மா போன பிறகு அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்கிறார்.

அன்புடன்,
முத்துசெல்வி


நாகலாபுரம்
21.9.2003

மகள் செல்விக்குச் சித்தி வெள்ளைத்தாய் எழுதுவது. இங்கன எல்லாரும் இருக்கிறோம். அங்கன நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஹாஸ்டல் சோற்றில் உன் உடம்பு தேறாது.

மதுரைக்குப் போய் வந்தோம். ரெண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் பொறுமையான மனிதர், எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினார். முகப்பரு என்றதும் உங்க சித்தப்பா, “இந்த வயசுல என்னைய மாப்பிள்ளையாக்கப் பாக்குதீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாவு மாத்திரை விஷயம் வந்தபோது, “மாவு திங்க மதுரைக்கு எதுக்கு வரணும், எங்க வீட்டுல கம்பு மாவு கெடக்கே” என்றார். உங்க அப்பாதான், “ஏலே கிட்டு, சும்மா இருலே. இன்னதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அது என்ன சோதனை?” என்று அடக்கினார்.

உங்க அப்பா எல்லாப் பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பேனா நழுவிக்கொண்டே இருந்தது. ரேகை வைத்தால் போதும் என்றார்கள். கேட்கவில்லை.

ஆளுக்கு ஒரு புட்டி, அதில் ஆளுக்கு ஒரு நம்பர். காலையில் கஞ்சி குடித்தபின் ரெண்டு மாத்திரை. என் கையால்தான் கொடுக்கிறேன்.

புழுதியில் விதைத்துவிட்டோம். பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசிப்பயறும், ஓரத்தில் ஆமணக்கும். இனி மழைதான் பாக்கி.

இப்படிக்கு,
சித்தி


நாகலாபுரம்
7.12.2003

மகள் செல்விக்குச் சித்தி. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மழை இங்கன ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

உங்க சித்தப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடிக்கிறார். நெற்றியும் கன்னமும் கறுத்து வருகிறது. மருந்துக்கு இப்படியெல்லாம் வரலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். உங்க அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்?

உங்க அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. ஒரு நாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “வெள்ளைத்தாயி, இது நீ திரிச்ச மாவா, கடையில வாங்குனதா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தம்பிக்கு விழுந்துச்சுல்லா, போதும்” என்று சொல்லி முழுங்கினார். பேச்சு முன்னைவிடக் குழறுகிறது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவருக்குக் கறியும் ஒருவருக்கு வெறுஞ்சோறும் வைத்ததில்லை. கிடையில் ஆடு அறுத்தால் ஈரலைக்கூட ரெண்டாகக் கீறித்தான் போட்டிருக்கிறேன். இப்போது தினமும் காலையில் அந்தப் பாவத்தைத்தான் செய்கிறேன்.

நீ அந்த ஆபீசில்தானே இருக்கிறாய். அடுத்த புட்டியை மாற்றித் தரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க சித்தப்பாவுக்கும் சம்மதம்.

பதில் போடு.

சித்தி


சென்னை
20.12.2003

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். உங்கள் மூவர் நலமும் நாடுகிறேன். வேலை அதிகம் என்பதால் எழுதவில்லை. அது முழு உண்மை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

புட்டியை மாற்ற யாராலும் முடியாது. எந்த எண்ணுக்கு எது என்ற குறிப்பு எங்கள் அலுவலகத்தில்கூட இல்லை. இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்கச் சொல்ல மாட்டார்.

தலைசுற்றலை வைத்து முடிவு கட்டாதீர்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தலை சுற்றியிருக்கிறது, வாந்திகூட வந்திருக்கிறது. எதிர்பார்த்தால் உடம்பு செய்து காட்டிவிடும். சித்தப்பா வெயிலில் அலைந்து கறுத்திருக்கலாம்.

அவரவர் புட்டியிலிருந்து அவரவருக்குக் கொடுங்கள். தலைசுற்றல் அதிகமானால் மதுரை டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது.

அன்புடன்,
செல்வி


நாகலாபுரம்
25.1.2004

மகள் செல்விக்குச் சித்தி ஆசீர்வாதம். இங்கன நலம். நீ இல்லாமலே பொங்கல் முடிந்தது. உளுந்து காய் பிடிக்கவில்லை. பாசி எடுத்துவிட்டோம். பருத்தி நிற்கிறது.

உன் கடிதத்தை உங்க சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பிள்ளை ஆபீசுக்காகப் பேசுது” என்றார். சாயங்காலம் ஆட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து அவராகவே, “ஏட்டி, அண்ணன் திங்காத எதை நான் தின்னுருக்கேன்? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டு” என்றார். நானும் அதைத்தான் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட் டப்பாவைக் காயவைத்து ரெண்டு புட்டியையும் அதில் கொட்டினேன். விதைப்புக்கு உளுந்தையும் பாசியையும் கலப்பதுபோல விரலை விட்டு நன்றாகக் கலந்தேன். இப்போது அதிலிருந்துதான் ஆளுக்கு ரெண்டு. மதுரைக்குப் போகும்போது மிச்சத்தை ஆளுக்குரிய கணக்குப்படி பிரித்துப் புட்டியில் போட்டுவிடுகிறேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நம்ம புஞ்சையில் யாராவது தனி விதை போடுவார்களா செல்வி? எது வரும், எது போகும் என்று தெரியாதபோது கலந்துதானே போடுகிறோம். முழுசாக வராவிட்டாலும் முழுசாகப் போகாது.

உங்க அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பி பங்கைத் தொட மாட்டார். போன வாரம் அவருக்கும் லேசாகத் தலை சுற்றியது. நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சித்தி


சென்னை
18.4.2004

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ஹாஸ்டலில் தண்ணீர் லாரி வரும் நாளில்தான் துணி துவைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன். அங்கே மின்விசிறிக்கு அடியில் ஓர் இடம் இருக்கிறது. சீக்கிரம் போனால் கிடைக்கும்.

அப்பாவுக்கு ஒரு பலகை செய்து அனுப்பியிருக்கிறேன். எழுத்துகளைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பேசக் கஷ்டமாக இருக்கும்போது விரலால் தொட்டுக் காட்டலாம். வலது கை தூக்க முடியாவிட்டால் இடது கைக்கு வசமாக வைத்துக்கொடுங்கள்.

பருத்தி என்ன விலைக்குப் போனது?

அந்த டப்பாவை அடுப்படியில் வைக்க வேண்டாம். ஆவி பட்டால் மாத்திரை கெட்டுவிடும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
செல்வி


நாகலாபுரம்
11.7.2004

மகள் செல்விக்குச் சித்தி. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கன சுகம் என்று எழுத முடியவில்லை.

உங்க அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நீ அனுப்பிய பலகைதான் வாய். தண்ணீர் புரையேறுகிறது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓட்டப்பிடாரத்துக் கல்யாணத்துக்குத் தனியாகப் போய் வந்த மனிதர், இப்போது கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைக்க ரெண்டு ஆள் வேண்டும். உங்க சித்தப்பா கம்பு ஊன்றிக் கிணறுவரை போய்வருகிறார். ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாதான். ஒருவரை மட்டும் இப்படி இழுக்கிறது.

உங்க சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் ரெண்டில் ஒன்றை எடுத்து அண்ணன் பங்கோடு போட்டுவிடுகிறார். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டுகிறேன். “அவியளுக்கு எம்புட்டு மருந்து போவுதோ அம்புட்டு நல்லது” என்கிறார். இனி ரெண்டையுமே கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. உங்க அப்பா பலகையில் ‘லீவு’ என்று காட்டினார். கேள்வியா சமாதானமா தெரியவில்லை.

சித்தி


சென்னை
16.8.2004

மதிப்பிற்குரிய டாக்டர் ஹரிஹரசுதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தரவுப் பிரிவில் உதவியாளராக இருக்கும் முத்துசெல்வி எழுதுவது. நேரில் சொல்ல இரண்டு முறை வந்து திரும்பிவிட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

மருந்து உண்டவர்கள் மாவு மாத்திரை உண்டவர்களைவிட வேகமாக நலிவதால் சோதனையை நிறுத்துகிறோம் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தீர்கள். மதுரை மையத்தில் சேர்ந்திருக்கும் தங்கசாமி என் தந்தை. கிட்டு என் சிற்றப்பா. இருவர் மாத்திரைகளையும் வீட்டில் ஒன்றாகக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய எண்களை நம்ப முடியாது.

எனக்கு இது ஜனவரி முதல் தெரியும். என் தந்தைக்கு மருந்தில் ஒரு பங்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். தெரிந்திருந்தும் இருவருடைய எண்களையும் மாதாமாதம் ஏற்றிவந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலையே ஊருக்குத் தொலைபேசியில் பேசி நிறுத்தச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. உங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

உண்மையுள்ள,
த. முத்துசெல்வி


சென்னை
30.8.2004

முத்துசெல்வி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பேரின் எண்களையும் நீக்கிக் கணக்கிட்டுப் பார்த்தோம். முடிவு மாறவில்லை. மாறியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்த மாதம் முதல் நீங்கள் கண் மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பீர்கள். நோயாளிகளின் தரவு உங்களிடம் வராது.

எந்த எண்ணுக்கு எது என்ற குறியீடுகளைப் பிரித்துவிட்டோம். உங்கள் தந்தைக்கு ஒதுக்கப்பட்டது மாவு மாத்திரை. உங்கள் சிற்றப்பாவுக்கு மருந்து. கலந்த பின் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நோய் எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுப்பதில்லை. மருந்தே தொடாமலும் உங்கள் தந்தை இந்த நிலைக்கு வந்திருக்கலாம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை.

குடும்பத்தார் கேட்டால் மதுரை டாக்டர் சொல்வார்.

தந்தையைப் போய்ப் பாருங்கள். விடுப்புக்கு நான் கையெழுத்திடுகிறேன்.

ஹரிஹரசுதன்


நாகலாபுரம்
12.9.2004

மகள் செல்விக்குச் சித்தி. நீ எப்படி இருக்கிறாய்? இங்கன உங்க அப்பாவுக்குச் சளி கட்டியிருந்தது, இப்போது பரவாயில்லை.

நீ போனில் சொன்ன அன்றே நிறுத்திவிட்டேன். மதுரையிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். அந்த ஆளோடு உங்க சித்தப்பா மட்டும் போய்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு வந்தார். மருந்து பலன் தரவில்லை, நிறுத்திவிட்டோம் என்று டாக்டர் சொன்னாராம். டப்பா விஷயத்தை உங்க சித்தப்பா அவரிடமே சொல்லியிருக்கிறார். டாக்டர் அதை நோட்டில் குறித்துக்கொண்டாராம். யாருக்கு எது இருந்தது என்று சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர், “வேண்டாம் சார், எங்க பிள்ளை அங்கன இருக்கு, அது சொல்லும்” என்று எழுந்து வந்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் இல்லை செல்வி. கலந்தது என் கை. யார் புட்டியில் மருந்து இருந்தது, யார் புட்டியில் மாவு இருந்தது என்று நீயே எழுது. எதுவானாலும் எழுது.

சித்தி


சென்னை
26.9.2004

அன்புள்ள சித்திக்கு,

நான் நலமாக இருக்கிறேன். அப்பாவின் சளி குறைந்தது அறிந்து நிம்மதி.

கேட்டிருந்தீர்கள். விசாரித்தேன். இரண்டு பேருக்கும் மாவு மாத்திரைதான். ஒரே வீட்டில் இருவருக்கும் அப்படி விழுவது உண்டு. நீங்கள் கலந்தது மாவோடு மாவை. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுடைய நோய் அதன் போக்கில் போயிருக்கிறது.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கண் சொட்டு மருந்து சம்பந்தமான வேலை. எளிதாக இருக்கிறது.

தீபாவளிக்கு வருகிறேன். பத்து நாள் இருப்பேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வி


நாகலாபுரம்
31.10.2004

மகள் செல்விக்குச் சித்தி ஆசீர்வாதம். இங்கன நல்ல மழை. அங்கன நீ நனையாமல் இரு.

உன் கடிதத்தை உங்க அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து நான் வாசித்தேன். உங்க சித்தப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். ரெண்டு பேருக்கும் மாவுதான் என்ற இடம் வந்ததும் உங்க அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டினார். மறுபடி வாசித்தேன். பலகையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி, ‘தம்பி பங்கை நான் திங்கலை’ என்று காட்டினார். டப்பா விஷயம் அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பலகையைத் தள்ளி வைத்துவிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

உங்க சித்தப்பாதான், “அப்ப எனக்கு எதுக்கு அம்புட்டுத் தலை சுத்துச்சு?” என்றார். “மாவுக்கும் சுத்தும்னு பிள்ளை அப்பவே எழுதுச்சுல்லா” என்றேன். ஆட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கம்பை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் கேட்க இருக்கிறது. அன்றைக்குக் கடைப் போனில், ‘ஒண்ணுகூடக் குடுக்காதீங்க சித்தி’ என்று உன் குரல் ஏன் அப்படி நடுங்கியது? நிறுத்திய பிறகு உங்க சித்தப்பா முகத்துக் கறுப்பு ஏன் வெளுத்துக்கொண்டு வருகிறது? நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே. வந்தால் வாயாலும் சொல்லாதே.

விதைத்துவிட்டோம். வழக்கம்போலக் கலந்துதான்.

தீபாவளிக்குக் கட்டாயம் வா. உங்க அப்பாவுக்கு இப்போது கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒரு சின்னக் கிண்ணம் இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். நீ எழுதியதை நான் நம்புகிறேன் செல்வி. நம்பவில்லை என்றால் என்னால் அந்தக் கரண்டியைத் தூக்க முடியாது.

இப்படிக்கு,
சித்தி வெள்ளைத்தாய்